சுங்கை சிப்புட்டில் ஒரு தையல் கடை: அளவும் எடுப்பார்கள், எப்படிக் கூப்பிடுவது என்றும் கேட்பார்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரவிக்கை தைக்க நல்ல கடை எது என்று என்னை அடிக்கடி கேட்கிறார்கள். தைத்துத் தந்தால் போதும் என்றால் இந்த ஊரில் தையல் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு திருநங்கையோ திருநம்பியோ (பிறந்தபோது பெண் என்று பதிவாகி, ஆணாக வாழ்பவர்) இருந்து, அவர்கள் மனம் கூசாமல் அளவு கொடுத்துவிட்டு வர ஓர் இடம் வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் இந்த ஒரு கடைதான்.

கடையின் பெயரை எழுதவில்லை. கடைக்கார அம்மா வேண்டாம் என்றார். தன் கடைக்கு வந்து போகிறவர்களை வேடிக்கை பார்க்க யாரும் படியேறி வந்துவிடக் கூடாது என்பது அவர் கவலை. எனக்கும் அது சரியாகவே பட்டது. பழைய கடைவீட்டு வரிசையில், மாடியில் இருக்கிறது. பட்டணத்தில் விசாரித்தால், தேவை இருக்கிறவர்களுக்கு வழி சொல்ல ஆள் உண்டு.

முதலில் தையலைச் சொல்லிவிடுகிறேன், காசு கொடுப்பது அதற்குத்தானே. என் தங்கை மகள் ஈப்போவில் வேலை செய்கிறாள். அவள் திருநங்கை. அண்ணன் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுத்தாயிற்று, ரவிக்கைக்குத்தான் அலைச்சல். அவளுக்குத் தோள் அகலம், மார்பளவு குறைவு. ரெடிமேட் ரவிக்கை எதைப் போட்டாலும் தோளில் பிடிக்கும், முன்பக்கம் தொளதொளவென்று நிற்கும். வேறோர் ஊரில் ஒரு கடையில் கொடுத்துத் தைத்தது, கையைத் தூக்கினால் கக்கத்தில் இழுத்தது. அங்கே அளவெடுத்தவர் டேப்பை அவள் தோளில் வைத்துக்கொண்டே உள்ளே இருந்தவரிடம், "இவனுக்கு டார்ட் எங்கே போட?" என்று கேட்டாராம். (டார்ட் என்பது மார்பு வளைவுக்காகத் துணியில் பிடிக்கிற மடிப்பு.) தைத்த ரவிக்கையை வாங்கக்கூட அவள் திரும்பப் போகவில்லை. நான்தான் போய் வாங்கி வந்தேன்.

இங்கே கடைக்கார அம்மா முதலில் சேலையைப் பிரித்துப் பார்த்தார், பிறகுதான் டேப்பை எடுத்தார். படகுக் கழுத்து வேண்டாம், தோளை இன்னும் அகலமாகக் காட்டும், 'வி' கழுத்து வைக்கலாம் என்றார். பஃப் கையையும் அதே காரணத்துக்காகத் தவிர்த்துவிட்டு, முழங்கைக்குக் கொஞ்சம் மேலே வரை ஒட்டின மாதிரி கை வைத்தார். முன்பக்கம் பிரின்சஸ் கட், அதாவது டார்ட் பிடிக்காமல் நீளத் தையலிலேயே வளைவு வைப்பது. லைனிங்குக்குள் கப் வைத்துத் தைத்து, கக்கத்தில் கையைத் தூக்க இடம் விட்டு, இரு பக்கமும் பின்னால் பிரித்துக்கொள்ளத் தாராளமாகத் துணி மடித்திருந்தார். "உடம்பு மாறிக்கிட்டே இருக்கும்மா, அடுத்த வருசம் பிரிக்கணும்னா எடுத்துக்கிட்டு வா" என்று சொன்னார். ஹார்மோன் எடுத்துக்கொள்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு உபயோகமான வார்த்தை என்று அதைக் கேட்டவளுக்குத் தெரியும். கல்யாணத்தன்று காலையிலிருந்து ராத்திரி வரை அந்த ரவிக்கையோடு பந்தலில் ஓடியாடினாள், ஒரு தையல் விடவில்லை.

இப்போது அந்தக் கூப்பிடும் விஷயம். கடைக்கார அம்மா அளவு நோட்டைத் திறந்ததும் இரண்டு கேள்வி கேட்பார். "பேரு என்னன்னு போடட்டும்? எப்படிக் கூப்பிடட்டும்?" இதை என் தங்கை மகளிடம் மட்டும் கேட்டிருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். எல்லாரிடமும் கேட்கிறார். எங்களுக்கு முன்னால் நின்ற தோட்டத்துப் பாட்டி ஒருவர், "பெரியம்மான்னு கூப்பிடு, பாட்டின்னா எனக்குப் பிடிக்காது" என்றார். அதுவும் நோட்டில் ஏறியது. ஓய்வு பெற்ற கிராணி (எழுத்தர்) ஒருவர் பேன்ட்டைச் சுருக்க வந்தவர், யோசித்துவிட்டு, "அண்ணன்னே சொல்லும்மா" என்றார். எல்லாரையும் கேட்பதால் யார் தலையும் குனிவதில்லை. ஒருவரைப் பார்த்து மட்டும் கேட்டால், உன்னைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று சொன்னதாக ஆகிவிடும்.

ஏன் கேட்கிறீர்கள் என்று அவரிடமே கேட்டேன். அவர் சொன்ன காரணம் தொழிலோடு சேர்ந்தது. "சட்டையில பொத்தான் எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு கேட்காம நான் கத்திரி போட முடியுமா டீச்சர்? ஆம்பளைச் சட்டைக்கு வலப்பக்கம், பொம்பளைச் சட்டைக்கு இடப்பக்கம். நானா முடிவு பண்ணா துணி வீணு. ஆளைக் கூப்பிடுறதும் அப்படித்தான்."

அவர் சும்மா சொல்லவில்லை. அவரிடம் சட்டை தைக்கிற ஓர் அண்ணன் உண்டு, செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. பிறந்தபோது பெண் என்று பதிவு செய்யப்பட்டவர். அவரே சொல்லி, அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அவருக்கு டார்ட் இல்லாமல், முதுகில் தோள்பட்டைத் துண்டுக்குக் கீழே மடிப்பு விட்டு, கனமான பருத்தித் துணியில் நேர்வெட்டுச் சட்டை தைத்துத் தருகிறார்கள். மெல்லிய துணி உடம்போடு ஒட்டும், அதனால் வேண்டாம் என்று துணிக்கடைக்குப் போகும் முன்பே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பொத்தான் வலப்பக்கம். நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'அண்ணன்' என்று இருக்கிறது. மாடியில் எல்லாரும் அவரை அப்படியே கூப்பிடுகிறார்கள்.

கூப்பிடும் முறையைப் பற்றிப் பேசும்போது பலர் 'அவன், அவள்' என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தமிழில் அதோடு முடியவில்லை. வினைச்சொல்லின் வாலிலும் ஆண், பெண் உட்கார்ந்திருக்கிறது: வந்தான், வந்தாள். கூப்பிடும்போது அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி என்று முறை வந்துவிடுகிறது. அதையும் தாண்டி, 'வாப்பா' என்கிறோமா 'வாம்மா' என்கிறோமா என்ற ஓர் எழுத்திலும் ஆளை யாராக எடுத்துக்கொண்டோம் என்பது தெரிந்துவிடும். என் தங்கை மகளைக் கேட்டால், 'அவன்' என்ற சொல்லைவிடப் பழகின வாயிலிருந்து வரும் 'வாப்பா'தான் அதிகம் சுடும் என்பாள்.

இதற்கு எளிய வழியாக 'அவங்க' இருக்கிறதே என்று பலரும் சொல்வார்கள். உண்மை, நம் பேச்சுத் தமிழுக்கு அது பெரிய கொடை. 'அவங்க வந்தாங்க' என்றால் ஆணா பெண்ணா என்ற பேச்சே எழாது, மரியாதையும் குறையாது. ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்கவே 'தே' (they) என்று சொல்கிற பழக்கத்தை இப்போது பலர் கேட்டு வாங்குகிறார்கள், மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019இல் அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. சுவீடன் நாட்டில் இருபாலுக்கும் பொதுவாக 'ஹென்' என்று ஒரு சொல்லைப் பரப்பி, 2015இல் அவர்கள் சொல்லகராதியில் சேர்த்தார்கள். நமக்கு 'அவர்', 'அவங்க' இரண்டும் பாட்டி காலத்திலிருந்தே வாயில் இருக்கின்றன.

ஆனால் 'அவங்க'வை வைத்தே ஒருவரைத் தள்ளியும் நிறுத்தலாம். கல்யாண வீட்டில் அதைப் பார்த்தேன். என் தங்கையின் மற்றப் பெண்ணை உறவுக்காரர்கள், "அவ எங்கடி போனா, பூ கட்டக் கூப்பிடு" என்று தேடினார்கள். திருநங்கையான மகளை மட்டும், "அவங்க உள்ள இருக்காங்க" என்றார்கள். மரியாதை மாதிரிதான் இருந்தது. அவளுக்கு வேண்டியது அந்த மரியாதை இல்லை, தங்கச்சிக்குக் கிடைத்த அதே 'அவ'தான். அவளைப் பெண் என்று சொல்லவும் மனமில்லை, ஆண் என்று சொல்லவும் முடியவில்லை, அதனால் 'அவங்க' என்று நழுவுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? பிள்ளை நாள் முழுக்கச் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். நான்தான் சமையல்கட்டில் இரண்டு பெரியம்மாக்களிடம் நேரடியாகவே சொன்னேன், அவளை 'அவ'ன்னே சொல்லுங்க என்று. ஒருவர் மாற்றிக்கொண்டார்.

அதே கடையில் அவளுக்கு எதிரே ஓர் இளையவர் துணியோடு காத்திருந்தார். கல்லூரியில் படிக்கிறவர். ஆண் என்றும் வேண்டாம், பெண் என்றும் வேண்டாம் என்று இருக்கிறவர். அவர் நோட்டில் 'அவங்க' என்று எழுதச் சொன்னார். அண்ணன், அக்கா எதுவும் வேண்டாம், பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார். என் தங்கை மகளுக்கு விலக்கி வைப்பதாகப்பட்ட அதே சொல் அவருக்கு வீடாக இருக்கிறது. ஆளைப் பார்த்து நாமே எந்தச் சொல்லையும் தேர்ந்துவிட முடியாது, கேட்கத்தான் வேண்டும். இந்தக் கடையில் நான் மதிப்பது இதைத்தான்.

ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற அக்கா இந்தோனேசியாக்காரர், தமிழ் அரைகுறை, மலாயில் பேசுவார். மலாயில் 'டியா' என்றால் ஆணும் பெண்ணும் ஒன்றுதானே, அந்த மொழியில் இந்தத் தொல்லை இல்லை என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அது பாதிதான். 'டியா' எல்லாருக்கும் பொது, 'பெலியாவ்' என்ற மரியாதைச் சொல்லும் பொது. ஆனால் எதிரில் ஆள் வந்து நின்றால் 'அபாங்' (அண்ணன்), 'காக்காக்' (அக்கா, சுருக்கமாகக் 'காக்'), 'என்சிக்' (ஐயா), 'புவான்' (அம்மா) என்று உடனே பிரித்துவிடும். அந்த அக்காவும் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் 'காக்' என்கிறார். ஆளைத் தெரியாவிட்டால் கடைக்கார அம்மாவிடம் மெல்லக் கேட்டுக்கொள்கிறார்.

தவறே நடக்காத இடம் என்று சொல்லவில்லை. இஸ்திரி போடுகிற பெரியவர் ஒருவர், கடைக்கார அம்மாவுக்கு மாமா முறை. ரவிக்கையை மடித்துக்கொண்டே, "தம்பி துணி ரெடி" என்று குரல் கொடுத்துவிட்டார். கடைக்கார அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. "அது தங்கச்சி ரவிக்கை, மாமா." அவரும், "சரி சரி, தங்கச்சி, மன்னிச்சுக்கம்மா, வந்து போட்டுப் பாரு" என்றார். அவ்வளவுதான். மூச்சு விடும் நேரத்தில் முடிந்தது. சில இடங்களில் தவறு செய்தவர் அதற்குப் பிறகு பத்து நிமிடம் வருத்தப்படுவார், எனக்குப் பழக்கமில்லை, நான் அந்தக் காலத்து ஆள், தப்பா எடுத்துக்காதே என்று நீட்டுவார். கடைசியில் புண்பட்ட பிள்ளையே அவருக்குச் சமாதானம் சொல்ல வேண்டியதாகிவிடும், சுற்றி நிற்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். சட்டென்று திருத்திக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் நல்லது. அந்தப் பெரியவர் மறுமுறை பேசியபோது சரியாகவே சொன்னார்.

பெயர் விஷயத்தில் இவர்கள் காட்டுகிற கவனத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியத் தமிழர்களுக்குப் பெயரிலேயே பால் எழுதப்பட்டிருக்கிறது. நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி', அதாவது அனாக் லெலாக்கி (மகன்), அனாக் பெரெம்புவான் (மகள்). அடையாள அட்டையின் 12 இலக்கத்தில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பொட்டு வைத்து, பூ வைத்து, சேலை கட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்க, ஒரு கிளினிக் கவுன்டரில் முழுப் பெயரையும் 'ஏ/எல்' சேர்த்து உரக்கப் படித்ததை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். வரிசை முழுக்கத் திரும்பியது. எழுந்து போவதா, காது கேட்காதது போல் இருப்பதா என்று அந்தப் பிள்ளை தவித்ததை என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் கவுன்டரில் இருந்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. வெறும் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போதும்.

அட்டையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு: அது நம் நாட்டில் மிகக் கடினம். 2005இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் ஒரு திருநங்கைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, ஆனால் அது எல்லாருக்குமான வழியாகிவிடவில்லை. 2016இல் ஒரு திருநம்பிக்குக் கிடைத்த அதே போன்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறகு தள்ளிவிட்டது. ஆக, அட்டையில் ஒரு பெயர், வாழ்க்கையில் ஒரு பெயர் என்றுதான் பலரும் காலம் தள்ளுகிறார்கள். இந்தக் கடையில் அட்டை கேட்பதில்லை. நீங்கள் சொல்கிற பெயர்தான் நோட்டில், ரசீதில், துணியில் குத்துகிற சீட்டில். கைப்பேசியில் காசு அனுப்பினால் வங்கிக் கணக்குப் பெயர் அவர்களுக்குத் தெரியத்தான் செய்யும், அதை வாய்விட்டுப் படிப்பதில்லை. தொகையை மட்டும் பார்த்துவிட்டு, "வந்துருச்சும்மா" என்கிறார். வீட்டுக்கு ஃபோன் செய்து துணி தயார் என்று சொல்ல வேண்டி வந்தால், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்கிறார். வீட்டில் இன்னும் சொல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தெரியாமல் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்ற நினைப்பு அதில் இருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று என்னோடு வேலை பார்த்த ஒருவரே சொன்னார். தமிழ் சொல்லிக்கொடுத்தவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலில், 'ஆண்மை திரிந்த' பெயர்களை உயர்திணையில் வைத்துப் பேசுகிறது, அவற்றுக்கு ஆண்பால் காட்டும் சொல் பொருந்தாது என்றும் சொல்கிறது. அதாவது அவர்களைப் பற்றிப் பேசும்போது 'வந்தான்' என்று முடிக்காதே என்கிறது இலக்கணம். பழைய நூல்களில் இவர்களைக் குறித்து வருகிற பெயர்ச்சொற்களை இன்று யார் மேலும் பயன்படுத்தக் கூடாது, அவை வசவாகிவிட்டன. ஆனால் ஒருவரைக் குறிக்கும் வினை எப்படி முடிய வேண்டும் என்ற கேள்வி நம் மொழிக்குப் புதிது கிடையாது. தமிழ்நாட்டில் 2008இல் திருநங்கைகளுக்கென்று நலவாரியம் அமைத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழிலும் வெளியிட்டார்கள். அதை அச்செடுத்துக் கடைக்கார அம்மாவிடம் கொடுத்தேன். அளவு நோட்டோடு சேர்த்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார், வேலைக்கு வரும் பெண்களைப் படிக்கச் சொல்கிறார்.

போட்டுப் பார்க்கும் அறையைச் சொல்ல விட்டுவிட்டேன். பலகை அடித்த சிறிய அறைதான், ஆனால் திரைச்சீலை இல்லை, உள்தாழ்ப்பாள் போட்ட கதவு. கண்ணாடியும் விளக்கும் உள்ளேயே இருக்கின்றன. பல கடைகளில் கண்ணாடி வெளியே இருக்கும், எல்லார் கண் முன்னாலும் வந்து நின்று பார்க்க வேண்டும். இங்கே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், கதவைத் தட்ட மாட்டார்கள். அளவெடுப்பதும் அந்த அறைக்குள்தான். யார் எடுக்கட்டும், கூட யாராவது இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் டேப்பைப் போடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குத் துணி கிடைப்பது அபூர்வம். தீபாவளி நெருங்கினால் பேச்சே வேண்டாம். என் சொந்த ரவிக்கை ஒன்று பண்டிகை முடிந்துதான் கைக்கு வந்தது, அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு ஒப்பவில்லை. வேலையை எண்ணி வாங்க வேண்டும், மறுக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். விலையும் ஊர் விலையைவிடக் கூடுதல்: லைனிங் ரவிக்கை 85 வெள்ளி (ரிங்கிட்), கப் வைத்தால் 15 வெள்ளி சேரும், சட்டை 70, பஞ்சாபி சூட் 95. தோட்டத்துச் சம்பளத்தில் இது பெரிய காசு. பிரித்துச் சுருக்குகிற வேலைக்கு மட்டும் 10 வெள்ளியில் முடித்துத் தருகிறார். மரப்படி செங்குத்து, முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம். கீழே இருந்து ஃபோன் செய்தால் ஆள் இறங்கி வந்து துணியை வாங்கிக்கொள்கிறார்கள், அளவுக்கு மட்டும் ஏறித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, வாசல் பலகை. பெண்கள் தையல் என்றே மலாயிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஆலையில் வேலை செய்கிற அந்த அண்ணன் முதலில் அந்தப் பலகையைப் பார்த்துப் படியேறாமலே திரும்பிப் போயிருக்கிறார். தெரிந்தவர் சொல்லித்தான் மறுபடி வந்தார். அவரைப் போல் இன்னும் எத்தனை பேர் கீழேயே நின்றுவிட்டுப் போகிறார்களோ. இதைக் கடைக்கார அம்மாவிடம் அழுத்தமாகவே சொன்னேன். பலகையை மாற்ற நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்க வேண்டும், உரிமம் புதுப்பிக்கும்போது 'தையல் கடை' என்று மட்டும் போட்டுவிடுகிறேன் என்றார். வருகிற ஆண்டு போய்ப் பார்த்து, மாற்றியிருந்தால் இதில் சேர்த்து எழுதுகிறேன்.

போகிறவர்கள் லைனிங் துணியை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே வைத்திருப்பது இரண்டு மூன்று நிறம்தான். உங்களுக்குச் சரியாக உட்காருகிற பழைய ரவிக்கையோ சட்டையோ இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். புதன்கிழமை கடை இல்லை. ஞாயிறு காலையில் கூட்டம் குறைவு, கேட்டுப் பேசி நிதானமாக அளவு கொடுக்க அதுதான் நல்ல நேரம்.